உன் மாமன் அடைச்ச குழாயும் அவன் பட்ட கடனும்

அன்பு மகன் கவினுக்கு அம்மா சொல்லச் சொல்ல தங்கச்சி இளமதி எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் மாடும் கன்னும் நல்லா இருக்கோம், ஊட்டுக் குழாய்க்குத்தான் உடம்பு சரியில்லாம கெடந்து இப்போ எந்திரிச்சு உட்கார்ந்திருக்கு. நீ அங்க ராஜஸ்தான் குளிர்ல விடியறதுக்கு முன்னாடி ஓடுறயாமே, காதைக் கட்டிக்கிட்டு ஓடு சாமி, ரொட்டி தொண்டையில எறங்கலேன்னா தண்ணியில நனைச்சாவது தின்னு. ட்ரெய்னிங்ல போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் தர்றாங்கன்னு சொன்ன. அந்தக் கொஞ்ச நேரத்துல உன் மாமன் ராசப்பன் கூப்பிட்டா எடுக்காதே. இந்தக் கடுதாசியை முழுசாப் படிச்சிட்டு அப்புறமா எடு. அவன் முந்திக்கிட்டு அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிருவான், அவனுக்குப் பக்கம் உண்டே தவிர நியாயம் கிடையாது. (அண்ணா, அடைப்புக்குறிக்குள்ள வர்றதெல்லாம் நான். அம்மா கண்ணாடி இல்லாம ஒரு எழுத்தும் படிக்காது. கண்ணாடி காணாமப் போச்சு. என் பைக்குள்ள காணாமப் போச்சு.)

விசயத்துக்கு வாரேன். தைப் பொங்கல் முடிஞ்சு ஊரே அசந்து கெடந்த சமயம், தண்ணி வரி ரொம்ப நாளாக் கட்டாத ஊட்டுக்கெல்லாம் குழாயை அடைக்கச் சொல்லி பஞ்சாயத்துல முடிவாச்சு. அடைக்க வேண்டியவன் யாரு, தொட்டிக்குத் தண்ணி ஏத்தித் தொறந்து விடுற ஆபரேட்டர், அதாவது என்கூடப் பொறந்தவன், உன் தாய்மாமன். (இனிமே அவர் ஆபரேட்டர் இல்ல அண்ணா, ஆப்புரேட்டர்.) ஊருக்குள்ள பாக்கி வெச்சவன் எத்தனையோ பேரு. அத்தனை பேரையும் விட்டுட்டு முதல் வேலையா நம்ம ஊட்டுக்கு வந்தான் பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கலை. அதுவும் எந்த நேரத்துல வந்தான், திண்ணனூர் நாட்டுல இருந்து உங்க பெரியத்தை கல்யாணப் பத்திரிகை வைக்கக் குடும்பத்தோட வந்து பாயில உட்கார்ந்திருந்த நேரத்துல. என் கை நெறையக் கேவுரு மாவு. ஸ்பேனரும் கையுமா வந்து நின்னவன் அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லலை, அப்புச்சி எனக்கு வெச்ச முழுப்பேரைச் சொல்லி, ஆயம்மாள் ஊடு, பாக்கி இருக்குது, அடைக்கச் சொல்லி உத்தரவுங்கன்னு எவளோ ஒருத்திகிட்டப் பேசுற மாதிரி சொல்லிட்டுக் குழாயைத் திருகிக் கழட்டி பைப்பு வாயில டம்மி போட்டு அடைச்சிட்டான். (பைப்புக்கு டம்மி போட்டதும் நம்ம மம்மி பொங்கிருச்சு.) ஏன்டா இப்படின்னு கேட்டதுக்கு, அக்கா ஊட்டுல இருந்து ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க பயப்படுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். அடைச்சுட்டு நேராப் போனானா, இல்லை, திண்டுல உட்கார்ந்து பெரியத்தைக்குப் போட்டிருந்த டீயில ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டு, சக்கரை கொஞ்சம் தூக்கலுன்னு வேற சொல்லிட்டுப் போனான். அவன் அந்தண்டை போனதும் உங்க பெரியத்தை என்னைப் பார்த்து, ஏன் ஆயம்மா, தொட்டிச் சாவி உன் தம்பி மடியில இருக்கையிலயே உனக்கு இந்தக் கதின்னா ஊரான் கையில இருந்தா என்னாகுமுன்னு கேட்டாங்க. பரிதாபமாத்தான் கேட்டாங்க. அந்தப் பரிதாபத்துக்குப் பதிலா ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கேவுரு மாவைக் கழுவ அண்டாவுல மிச்சம் இருந்ததைத்தான் மோந்தேன், அப்போவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், இவனைச் சும்மா விடக் கூடாது.

நாம எப்படிப் பாக்கி ஆனோமுன்னு நீ கேப்ப. உங்கப்பாவும் கேட்டார். நான் வரி கட்டலைன்னு யாரு சொன்னது. குழாய் போட்ட வருசத்துல இருந்து ஒரு பருவம் தப்பாம அவன் ஊட்டுக்கு முதல் பலாப்பழம் போகுது, மலைவாழைத் தாரு போகுது, சாமை புடைச்சா ஒரு மூட்டை போகுது, மிளகு காஞ்சா சம்புடம் நெறையப் போகுது. அது போக வருசா வருசம் தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கிப் பாசி தேய்ச்சு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினது யாரு, உங்கப்பா. ஏன்னா உன் மாமனுக்கு உசரம்னா ஆகாது, ஏணியில ரெண்டு படி ஏறினாப் போதும், மூணாவது படியில சாமியைக் கூப்பிட ஆரம்பிச்சிருவான். கழுவினது இவர், சம்பளம் வாங்கினது அவன். இதெல்லாம் வரிக்குத்தானே போகுதுன்னு நான் நெனைச்சேன், எவதான் நெனைக்க மாட்டா, ஆபரேட்டரா இருக்கிற தம்பி அத்தனையும் வாங்கித் தின்னுட்டு அக்கா வரியை அவன் சம்பளத்துல கட்டிட மாட்டானான்னு. அவனைக் கேட்டா, நீ பாசத்துல குடுத்தேன்னு நெனைச்சேன் அக்கா, வரிக்குன்னு ஒரு நாளாவது சொன்னயான்னு கேக்குறான். ஏன்டா, பாசத்துல குடுக்கிறவ பலாப்பழத்தை முழுசாவாடா குடுப்பா, பாதியை வெட்டி வெச்சுக்கிட்டுத்தானே குடுப்பான்னு கேட்டேன். (நான் இங்க வரி வரியா எழுதுறேன், அம்மா அங்க வரியைப் பலாச்சுளையாக் கட்டியிருக்கு. ரசீது கேட்டா கொட்டையைத்தான் தருவாங்க.)

உன் தங்கச்சி பண்ணின காரியத்தையும் கேட்டுக்க. செத்தவங்களுக்குக் கண்ணீர் அஞ்சலின்னு சுவத்துல ஒட்டுறாங்களே, அதே மாதிரி சார்ட்டுப் பேப்பர்ல கறுப்பு மையில கட்டம் போட்டு, நடுவுல நம்ம குழாய் படத்தை வரைஞ்சு மாலை போட்டு, ஆயம்மாள் இல்லத்துக் குழாய் அவர்கள் தாய்மாமன் கையால் அகால மரணம், இறுதிச் சொட்டு காலை பெரியத்தை முன்னிலையில், தாகத்தில் வாடும் குடும்பத்தார், ஊர்வலம் குடத்தோடு ஊத்து வரைக்கும்னு எழுதித் தண்ணித் தொட்டித் தூணுல ஒட்டிட்டு வந்துட்டா. (கீழ சின்னதா ஒரு வரி அம்மா விட்டிருச்சு அண்ணா: மலர்வளையம் வேண்டாம், குடம் போதும்.) பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் படிச்சுச் சிரிச்சு, மலையடிவாரத்துக் காரவள்ளியில இருந்து மேல வந்த டிரைவர் வண்டியை நிறுத்தி போட்டோ புடிச்சிட்டுப் போயிட்டாராம். வயசுப் பொண்ணு செய்ற வேலையாடி இதுன்னு துடைப்பத்தை எடுத்தேன். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, அந்த அகால மரணத்தை இன்னொருக்கா படின்னு சொன்னேன்.

சிரிச்சா தண்ணி வருமா. ஊத்துல இருந்து குடம் சுமந்து சுமந்து என் இடுப்பு போச்சு. ஒரு நாள் பஞ்சாயத்து ஆபீசுக்கே போயிட்டேன். செக்ரட்டரி சுகந்தியம்மா நல்ல மாதிரி, உட்காரச் சொல்லி, மொத்தமாக் கட்ட முடியாட்டி மூணு தவணையாக் கட்டுறேன்னு மனு எழுதிக் குடுங்க, தலைவர்கிட்ட ஒப்புதல் வாங்கித் தாரேன், கடைசித் தவணை கட்டின அன்னிக்கே குழாயைத் தொறந்து விடச் சொல்றேன்னாங்க. மகளிர் குழுவுல கேக்கலாமுன்னா நீ ட்ரெய்னிங் கெளம்பையில பெட்டிக்கும் பூட்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் வாங்கினதே இன்னும் ஓடிக்கிட்டு இருக்குது. இதைப் படிச்சிட்டு நீ பணம் அனுப்புறேன்னு கெளம்பாதே, முதல் சம்பளம் உன் கையில இருக்கணும், குழாய்க்குள்ள போகக் கூடாது. பணம் எங்க இருக்குன்னு எனக்கு ஊத்துப் பாதையில நடக்கையிலதான் புத்தி வந்துச்சு கண்ணு. உங்கப்பா மாதிரி மிளகு பறிக்க மரம் ஏறுறவன் இந்தச் சுத்து வட்டாரத்துல இல்லை. இந்தப் பருவத்துல கருப்பண்ணன் காட்டுக்குப் போனார், மணிவண்ணன் காட்டுக்குப் போனார், தெருவுல பாதிப் பேர் காட்டுக்கும் மாத்தாளாப் போனார். இன்னிக்கு உன் காட்டுக்கு நான் வந்தா நாளைக்கு என் காட்டுக்கு நீ வரணும், காசு பேச்சே இல்லை, அதானே மாத்தாள். நம்ம மிளகுக்கொடி நாலு மரத்துல இருக்கிறது, அதுக்கு அத்தனை பேர் எதுக்கு. அவங்க நமக்குத் தர வேண்டிய நாளெல்லாம் சும்மா கெடந்துச்சு. ஊடு ஊடாப் போய்க் கேட்டேன், எங்க காட்டுக்கு வர வேண்டாம், அந்தண்டைக் காப்பித் தோட்டத்துல மிளகு பறிக்க ஆள் கேக்குறாங்க, அங்க போங்க, கூலியை என் கையில குடுங்க, நாள் கழிஞ்சுதுன்னு. கருப்பண்ணன் கொஞ்சமும் யோசிக்கலை, உன் ஊட்டுக்காரர் இல்லேன்னா என் மிளகு மண்ணுலதான் கெடந்திருக்கும், நாளைக்கே கெளம்புறேன்னார்.

இதுல எனக்கு ரெண்டு லாபம் கண்ணு. ஒண்ணு தவணை. இன்னொண்ணு, நான் எந்த வாரத்துல கேட்டேன்னு நெனைக்கிற, உன் மாமன் காட்டு மிளகு செவந்து நின்ன வாரத்துல. அவன் யாருக்கும் மாத்தாளாப் போறவன் இல்லை, கவர்மெண்டு சம்பளக்காரனாம், கூலிக்கு ஆள் புடிச்சுத்தான் பறிப்பான். புடிக்க ஆள் எங்க, ஊருல ஏறத் தெரிஞ்சவன் அத்தனை பேரும் என் நாளைக் கழிக்கக் காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டான். நான் தண்ணிக் குடத்தோட வேணும்னே அவன் காட்டு ஓரமாச் சுத்திக்கிட்டு வருவேன், கொடி தெரியாம மிளகு தொங்குது, குருவி கொத்துது, பழுத்தது பழுத்தபடி உதிருது. குடம் இடுப்புல இருந்தாலும் கனமே தெரியலை போ. (அம்மா அந்தப் பக்கம் போறப்ப பாட்டு வேற பாடுச்சு. குருவிக்கே வெக்கமாப் போச்சு.) அவன் கெஞ்சிக் கேட்டு ரெண்டு பசங்களை மலைக்குக் கீழ காளப்பநாயக்கன்பட்டியில இருந்து கூட்டிட்டு வந்தான், ஒத்தைக்கால் மூங்கில் ஏணியைப் பார்த்ததுமே அடுத்த பஸ்ஸுக்கு எறங்கிட்டாங்க.

கடைசியில ஒரு சாயங்காலம் வந்தான். கூட அவன் பொண்டாட்டி பாவாயியும் வந்தா. வாசல்ல மாடு கட்டுற கட்டைகிட்ட நின்னுக்கிட்டு என்னைப் பார்க்காம உங்கப்பாவைப் பார்த்து, மச்சான், நீங்க ஏறலேன்னா இந்த வருசம் எனக்கு மிளகே இல்லைன்னான். உங்கப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு எறக்கம் வந்திருச்சுன்னு முகத்துல தெரிஞ்சுது, அவர் வாயைத் தொறக்கிறதுக்குள்ள நான் தொறந்துட்டேன். ஏறுவார், ஆனா மாத்தாளா இல்லை, உறவாவும் இல்லை, கூலிக்கு. தோட்டத்துல என்ன கூலியோ அதுக்கு மேல ஒரு பங்கு, பொழுது எறங்கினதும் மரத்தடியிலயே என் கையில குடுக்கணும், ஏணியை நீதான் புடிக்கணும்னேன். பாவாயி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா, அழுதாளோ சிரிச்சாளோ. சரீங்கன்னான். என்கிட்ட ங்க போட்டுப் பேசினான் கண்ணு, கூடப் பொறந்தவன். அப்புறம் உங்கப்பா மேல ஏற ஏற அவன் கீழ ஏணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னான், மேல இருந்து மிளகும் எறும்பும் அவன் தலையில கொட்டுச்சு. நான் எதுத்த மேட்டுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன், ஆட்டை மேய்க்கிற சாக்குல. (ஆட்டை அவுத்துட்டே போகலை.) முதல் ரெண்டு தவணையை ஊர்க்காரங்க நாள் கட்டுச்சு, மூணாவதை அவன் கூலி கட்டுச்சு. அவன் குடுத்த அதே நோட்டைத்தான் ஆபீசுல நீட்டினேன், சுகந்தியம்மா ரசீதை அங்க நின்ன அவனையே எழுதித் தரச் சொன்னாங்க, ஆயம்மாள்ல ஒரு புள்ளியை விட்டுட்டான், திருத்தச் சொன்னேன்.

அத்தோட விட்டிருக்கலாமுன்னு உங்கப்பா சொல்றார். விடலை. கெளம்பறப்ப சுகந்தியம்மாகிட்ட எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ஏனுங்கம்மா, ஆபரேட்டர் ஊட்டுக்கு வரி உண்டுங்களா இல்லீங்களான்னு கேட்டேன். உண்டுங்கன்னுட்டு அவங்க அவனைப் பார்த்தாங்க. அவன் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தான். அத்தனை வருசமா அவன் ஊட்டுக்கு யாரு கேக்குறதுன்னு ஒரு பைசா கட்டலை. நம்ம குழாயைத் தொறந்து விட்ட அதே ஸ்பேனரோட போய் அவன் ஊட்டுக் குழாயை அவனே கழட்டி அவனே டம்மி போட்டான் சாமி, ஊரே கூடி நின்னு பார்த்துச்சு. நான் போகலை. கூட்டமா இருந்துச்சு, மேட்டுல நின்னே நல்லாத் தெரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். மறுநா வெள்ளெனக் கதவைத் தொறந்தா நம்ம வாசல் வழியா பாவாயி குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊத்துக்குப் போறா. என்னைப் பார்த்து நின்னு, நங்கையா, உங்களுக்கும் உங்க தம்பிக்கும் சண்டை, குழாய் உங்களுக்கும் அடைஞ்சுது எங்களுக்கும் அடைஞ்சுது, உங்க கோபமும் தீரும் அவர் கோபமும் தீரும், இடுப்பு போறது மட்டும் என்னுதான்னு கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கலை. குடத்தை வாங்கி நம்ம குழாயில புடிச்சுக் குடுத்தேன். அந்தக் குடம் நெறையற நேரத்துக்குள்ள எனக்கு இன்னொரு வழி தெரிஞ்சுது. தவணைக்கு எப்படி மனு எழுதணும்னு இந்த ஊருல இப்போ என்னை விட நல்லாத் தெரிஞ்சவ யாரு. இளமதியை எழுப்பி பாவாயி பேருல எழுதச் சொன்னேன், உன் மாமனைக் கையெழுத்துப் போட வெச்சேன், நானே கொண்டு போய் சுகந்தியம்மாகிட்டக் குடுத்தேன். (மனுவுல தாய்மாமன்னு எழுதணுமா தண்ணிமாமன்னு எழுதணுமான்னு கேட்டேன், குடத்தாலயே ஒண்ணு விழுந்துச்சு.) கட்டக் காசு இல்லைன்னான், பறிச்ச மிளகு இன்னும் காயலை, வெலையும் எறக்கமாம். அதுக்கென்ன, கருப்பண்ணனும் மணிவண்ணனும் உங்கப்பாவும் அவன் தவணைக்காகக் காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டு வரட்டும், ஆனா ஒவ்வொரு நாளுக்கும் பதில் நாள் அவன் தரணும், இவனும் இனி மாத்தாள்தான்னு சொல்லிட்டேன். ஊருக்காரங்களுக்குத் தர வேண்டியதை அவங்க பார்த்துக்கட்டும். நமக்குத் தர வேண்டிய நாளெல்லாம் நம்ம காட்டுல.

நேத்து முதல் நாள் வந்தான். குச்சிக்கிழங்குக் காட்டுல, பஸ் ரோட்டுக்கு ஒட்டினாப்பல இருக்கிற அந்தச் சரிவுலதான் கொத்த விட்டேன், போற வர்றவங்க பார்க்கட்டுமுன்னு. மம்முட்டி புடிச்சுப் பழக்கம் விட்டுப் போச்சு அவனுக்கு, கையில கொப்பளம். மத்தியானம் களியும் கீரையும் போட்டேன், மாத்தாளுக்குச் சோறு போடணுமில்ல. குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே, எத்தனை நாளைக்குக்கா இப்படின்னு கேட்டான். அக்கான்னு கேட்டான். உன் கடன் தீர்ற வரைக்குமுன்னு சொன்னேன். அது எப்போ தீருமுன்னு அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தீரப் போற நேரம் பார்த்து உங்கப்பாவை ஒரு நாள் அவன் காட்டுக்கு அனுப்பிருவேன். மறுபடி அவன் நமக்கு ஒரு நாள் கடன் பட்டுருவான். அது தீரப் போறப்ப இன்னொரு நாள். நான் சாகிற வரைக்கும் தீர விட மாட்டேன்.

சரி சாமி, இளமதி கை வலிக்குதுன்னு மூணு தரம் சொல்லிட்டா. (அஞ்சு தரம்.) நெஞ்சு நிமித்தி நட, மேல இருக்கிறவன் திட்டினா மனசுல வெச்சுக்காதே, வெச்சுக்கிறதா இருந்தா எனக்கு எழுது, நான் வெச்சுக்கிறேன். அறப்பளீஸ்வரரும் எட்டுக்கை அம்மனும் உன் கூட இருந்து உன்னை நல்லபடியா ஊட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கட்டும். இனி மாமன் கூப்பிட்டா எடுத்துப் பேசு. அக்காகிட்ட சொல்லி நாளைக் கொறைக்கச் சொல்லு மாப்ளேன்னு கண்டிப்பாக் கேப்பான். சரி மாமா, சொல்றேன்னு மரியாதையாச் சொல்லு. சொல்லிட்டு என்கிட்ட சொல்லாதே.

இப்படிக்கு, எந்தப் பாக்கியும் மறக்காத
உன் அம்மா ஆயம்மாள்